பிரிண்டரை விட்டுவிட்டுப் போட்டோவைத் திருப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பின் கேள்வி பதில் பகுதியில் பெருந்துறை வாசகர் ஒருவர் ஒன்று கேட்டிருந்தார். போனில் நிமிர்ந்து நிற்கிற போட்டோ, வீட்டுப் பிரிண்டரில் எடுத்தால் மட்டும் படுத்துக்கொண்டு வருகிறதே, என்ன செய்வது என்று. அதற்கு உங்கள் பதில் இரண்டே வரி. பிரிண்டர் செட்டிங்கில் லேண்ட்ஸ்கேப் என்று மாற்றுங்கள், அப்படியும் சரியாகவில்லை என்றால் ட்ரேயில் பேப்பரைக் குறுக்காக வையுங்கள் என்று போட்டிருந்தீர்கள். முதல் வரி சில நேரம் பலிக்கும், பல நேரம் பலிக்காது. இரண்டாவது வரியைச் செய்தால் பேப்பர் வீணாவதோடு பிரிண்டருக்கு உள்ளேயும் மை பூசிக்கொள்ளும். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. சென்னிமலையில் எங்கள் குடும்பத்துக்குத் தறி. போர்வை, துண்டு நெய்கிறோம், பக்கத்துத் தறிக்காரர்களிடமும் நெய்து வாங்குகிறோம். ஆர்டர் எடுப்பது, டிசைன் நம்பர் போடுவது, கணக்கு எல்லாம் என் பொறுப்பு. வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், மை ஊற்றுகிற டேங்க் பிரிண்டர் ஒன்று இருக்கிறது. போர்வைகளைப் போனில் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, ஆல்பமாகக் கோத்து வைப்பேன். ஈரோடு ஜவுளிச் சந்தைக்கு வரும் வியாபாரிகளில் பாதிப் பேர் இன்னமும் போனில் பார்த்து முடிவு செய்வதில்லை. தாளைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்து, "இதுல நூறு போடுங்க" என்பார்கள். வீட்டில் பிரிண்டர் இருப்பது தெரிந்ததும் தெருவே வந்துவிட்டது. காதுகுத்துப் போட்டோ, சீர்ப் போட்டோ, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட், மாட்டு இன்சூரன்சுக்குப் படம் என்று எதுவும் பாக்கி இல்லை. அதனால் படுத்துக்கொள்ளும் போட்டோக்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

மற்றவர்களுக்குப் படம் படுத்தால் கையால் தாளைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். எங்களுக்கு அப்படி இல்லை. கோடு போட்ட போர்வையில், கோடு நீளவாட்டில் ஓடினால் அது பாவில், அதாவது தறியில் முதலில் ஏற்றும் நெட்டு நூலில், வரும் கலர். அகலவாட்டில் ஓடினால் ஊடையில், அதாவது குறுக்கே ஓடும் நூலில், அடிப்பது. ஒரு டிசைனைப் படம் எடுத்து அது 90 டிகிரி திரும்பித் தாளில் வந்தால், பாவுக் கோடு பார்ப்பவருக்கு ஊடைக் கோடாகத் தெரியும். ஊடையில் கலரை மாற்றுவது சுலபம், குறுக்கே ஓடும் நாடாவில் நூலை மாற்றினால் போதும். பாவு அப்படி இல்லை. ஓட்டி, தறியில் ஏற்றிவிட்டால் அது தீரும்வரை அதே கோடுதான். என் ஆல்பத் தாளை வாங்கிப் பார்த்த தறிக்காரர் ஒருவர், "ஏனுங்கக்கா, இது பாவுக் கோடுங்களா, குறுக்கால போறதுங்களா? ஒரு தாள்ல ஒரு மாதிரி இருக்குது, இன்னொன்னுல வேற மாதிரி இருக்குது" என்று கேட்டார். அவர் கேட்டது நல்லதாகப் போயிற்று. கேட்காமல் பாவு ஓட்டியிருந்தால் யார் தலையில் கட்டுவது? கட்டம் போட்ட போர்வைக்கு இந்தத் தொல்லையே கிடையாது, எப்படித் திருப்பினாலும் கட்டம் கட்டம்தான்.

அதன் பிறகு பி.இ. படித்த என் அக்கா மகனை உட்கார வைத்துக் கேட்டேன், சேர்ந்து பிரிண்ட் போட்டும் பார்த்தோம். விஷயம் இதுதான்.

போனைச் செங்குத்தாகப் பிடித்தாலும் படுக்க வைத்துப் பிடித்தாலும், உள்ளே கேமராவின் சென்சார் ஒரே திசையில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் அகலவாட்டில். நாம் போனை நிமிர்த்திப் பிடித்து ஆளைப் படம் எடுக்கும்போது, சென்சாரைப் பொறுத்தவரை ஆள் படுத்துத்தான் கிடக்கிறார். பல போன்கள் அந்தப் படத்தை அப்படியே படுத்தபடி எழுதிவிட்டு, கூடவே ஃபைலுக்குள் ஒரு குறிப்பை மட்டும் சேர்த்து வைக்கின்றன: இதைக் காட்டும்போது இத்தனை டிகிரி திருப்பிக் காட்டு என்று. போன் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதை, புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்கும் இன்னொரு சென்சார் சொல்லிவிடும். அந்தக் குறிப்பு வெறும் ஒரு எண். 1 என்றால் இருக்கிறபடியே காட்டு. 3 என்றால் தலைகீழ், 180 டிகிரி திருப்பு. 6 என்றால் வலப்பக்கமாக 90 டிகிரி திருப்பு. 8 என்றால் இடப்பக்கமாக 90. மிச்சமுள்ள 2, 4, 5, 7 நான்கும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய படங்களுக்கு, அவை அபூர்வம். ஐபோனை நிமிர்த்திப் பிடித்துப் பின்பக்கக் கேமராவில் எடுத்தால் பெரும்பாலும் 6 தான் எழுதப்படும். இந்த எண் முறை டிஃப் என்ற பட வடிவத்தின் 1992ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இருக்கிறது. 1995இல் ஜப்பானில் டிஜிட்டல் கேமராக்களுக்காக எக்சிஃப் என்ற குறிப்பு முறையை வகுத்தபோது இதையும் எடுத்துக்கொண்டார்கள். நம் போன்களில் இன்றும் அதுதான் ஓடுகிறது.

லாரி ஷெட்டுக்குப் போகும் பார்சலில் நாங்கள் அம்புக்குறி போட்டு, இந்தப் பக்கம் மேலே என்று எழுதி அனுப்புகிறோம் அல்லவா, அதே கதைதான். எழுதுவது நம் வேலை. படித்துப் பார்த்து வைப்பதும் வைக்காததும் இறக்குகிறவர் கையில். போன் கேலரி குறிப்பைப் படிக்கும், அதனால் படம் நிமிர்ந்து தெரியும். கம்ப்யூட்டரில் சில சாஃப்ட்வேர் படிக்கும், சில படிக்காது. விண்டோஸ் 7 வரைக்கும் அதிலேயே வரும் போட்டோ வியூவர் இதைக் கண்டுகொள்ளாது, விண்டோஸ் 8இலிருந்துதான் படித்துத் திருப்பிக் காட்ட ஆரம்பித்தது. பிரிண்ட் போடும் சாஃப்ட்வேர்களிலும் இதே கலவரம். திரையில் காட்டும்போது குறிப்பைப் படித்துவிட்டு, பிரிண்டருக்கு அனுப்பும்போது மறந்துவிடுகிற சாஃப்ட்வேரும் உண்டு. அதனால்தான் "ஸ்கிரீன்ல நல்லாத்தானே இருந்துச்சு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

சில கம்பெனி போன்கள் எடுக்கும்போதே படத்தைத் திருப்பி எழுதி, குறிப்பில் 1 என்று போட்டுவிடுகின்றன. ஒரே வீட்டில், ஒரே பிரிண்டரில், அண்ணன் போனில் எடுத்தது நேராகவும் தம்பி போனில் எடுத்தது படுத்தும் வருவதற்குக் காரணம் இதுதான். பாவம், திட்டு விழுவது பிரிண்டருக்கு.

இப்போது உங்கள் லேண்ட்ஸ்கேப் யோசனைக்கு வருகிறேன். பிரிண்ட் விண்டோவில் இருக்கும் போர்ட்ரெய்ட், லேண்ட்ஸ்கேப் என்ற இரண்டும் தாளை நெட்டாக நினைத்துக்கொள்வதா, அகலமாக நினைத்துக்கொள்வதா என்று சாஃப்ட்வேருக்குச் சொல்பவை. படத்துக்குள் இருக்கும் குறிப்பை அவை தொடுவதே இல்லை. பாதி சாஃப்ட்வேர்கள் அதற்கும் மேலே போய், அகலமான படத்தை நெட்டான தாளில் பார்த்தால் தாமாகவே திருப்பிப் பொருத்திவிடும். நீங்கள் ஒரு பக்கம் திருப்ப, அது ஒரு பக்கம் திருப்ப, கடைசியில் படம் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும்.

அதனால் முதலில் செய்ய வேண்டியது, வந்த தாளைக் கையில் எடுத்துக் கால் சுற்றுத் திருப்பிப் பார்ப்பது. படம் தாள் முழுக்க நிறைந்து, எதுவும் வெட்டுப்படாமல் நேராகத் தெரிகிறதா? அப்படியென்றால் எதுவுமே கெடவில்லை. பிரிண்டர் பேப்பரை நெட்டாக வெளியே தள்ளுகிறது, படம் அகலமானது, அவ்வளவுதான். நிறையப் பேர் இதற்கே பதறி மறுபடி மறுபடி போட்டு மையைக் காலி செய்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணன், பேரனின் காதுகுத்துப் படம் பிரிண்டரிலிருந்து பக்கவாட்டில் வருவதைப் பார்த்ததுமே "நிறுத்தும்மிணி, நிறுத்து" என்று வயரைப் பிடுங்கப் போனார். படம் முழுதாக வந்தபின் தாளைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போனார்.

உண்மையான கோளாறு வேறு மாதிரி இருக்கும். நெட்டான படம் அகலமான சட்டத்துக்குள் மாட்டிக்கொள்வது. 4க்கு 6 இஞ்ச் தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். போன் படம் பொதுவாக 3க்கு 4 விகிதம். அந்த நெட்டுப் படத்தை அகலவாட்டுத் தாளில் முழுதாகத் தெரியும்படி வைத்தால், உயரம் 4 இஞ்ச், அகலம் 3 இஞ்ச். மீதி 3 இஞ்ச் வெள்ளை, அதாவது பாதித் தாள். நிரப்பச் சொன்னாலோ, அகலம் 6 இஞ்ச் ஆகும்போது உயரம் 8 இஞ்ச் ஆகும். தாளில் இருப்பது 4 இஞ்ச்தான். பாதிப் படம் போயிற்று, பெரும்பாலும் தலையும் காலும். இப்படி வந்தால் மட்டும் திசையைச் சரிபார்க்க வேண்டும்.

அதைச் சரிசெய்ய வேண்டிய இடமும் பிரிண்டர் இல்லை, போட்டோ. போன் கேலரியில் படத்தைத் திறந்து எடிட் போய், ஓரத்தில் ஒரு நூல் அளவுக்குக் கிராப் செய்து, சேவ் கொடுங்கள். காப்பியாகச் சேமிக்கவா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள். வெறும் ரொடேட் பட்டன் ஏன் போதாது என்றால், சில கேலரிகளில் அந்தப் பட்டன் படத்தைத் திருப்புவதில்லை, உள்ளே இருக்கும் எண்ணை மட்டும் மாற்றுகிறது. குறிப்பைப் படிக்காத சாஃப்ட்வேருக்கு அதனால் ஒரு மாற்றமும் தெரியாது. கிராப் செய்தால் படத்தைப் புதிதாக எழுதியே ஆக வேண்டும். அப்படி எழுதும்போது கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே புள்ளிகள் அடுக்கப்பட்டு, குறிப்பும் பெரும்பாலும் 1 என்று ஆகிவிடும். அதற்கு அப்புறம் படிக்கத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் ஒரே படம்தான். கம்ப்யூட்டரில் செய்வதென்றால் இர்ஃபான்வியூ போன்ற இலவச சாஃப்ட்வேர்களில் தரம் குறையாமல் ஜேபெக் படத்தைத் திருப்பும் வசதி தனியாகவே இருக்கிறது.

இதில் வாட்ஸ்ஆப் ஒரு குழப்பம் செய்யும். பக்கத்து வீட்டுப் பெண் போட்டோவை எனக்கு வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் பிரிண்டில் நேராக வருகிறது, அதையே டாக்குமெண்ட் என்று அனுப்பினால் படுத்துக்கொள்கிறது. சாதாரணமாக அனுப்பும்போது வாட்ஸ்ஆப் படத்தைச் சுருக்கிப் புதிதாக எழுதுகிறது, அந்த வேகத்தில் திசையும் நேராகிவிடுகிறது. டாக்குமெண்டாக அனுப்பினால் மூல ஃபைல் அப்படியே, குறிப்போடு வரும். அப்படியானால் சாதாரணமாகவே அனுப்பிவிடலாமே என்பீர்கள். 4க்கு 6 தாளுக்கு என்றால் தாராளமாக அனுப்பலாம். சுருங்கிய படத்தின் நீளப்பக்கம் 1600 புள்ளி இருந்தால், 6 இஞ்சுக்குப் பிரித்தால் இஞ்சுக்கு 266 புள்ளி வரும், கண்ணுக்குக் குறை தெரியாது. அதையே A4 முழுக்கப் போட்டால் நீளம் 297 மில்லிமீட்டர், இஞ்சுக்கு 137 புள்ளிதான் வரும். முகம் சற்று மங்கலாகத் தெரியும். எங்கள் போர்வையில் நூலே தெரியாது, ஏதோ பிளாஸ்டிக் பாய் மாதிரி இருக்கும். சுவரில் மாட்ட A4 அளவில் போடுகிறவர்கள் டாக்குமெண்டாக வாங்கி, கிராப் செய்து, அப்புறம் பிரிண்ட் போடுவதுதான் சரி.

அடுத்தது, இதைவிடப் பெரிய சங்கதி. இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. பொருளைத் தரையில் விரித்து, போனை அதற்கு நேர் மேலே தட்டையாகப் பிடித்து எடுக்கும் படங்கள். நாங்கள் போர்வையை இப்படித்தான் எடுப்போம். பழைய ஆல்பத்துப் போட்டோ, பத்திரம், ஜாதகம், பட்டா, தூளியில் தூங்கும் குழந்தை, எல்லோரும் இப்படித்தான் எடுக்கிறார்கள். போன் தட்டையாக இருக்கும்போது புவியீர்ப்பு அதன் முதுகுப்பக்கமாக இழுக்கிறது. மேல் எது, பக்கம் எது என்று சென்சாருக்குத் தெரிய வழியே இல்லை. கடைசியாகத் தெரிந்த திசையை வைத்துக்கொண்டு எழுதும், அல்லது கை கொஞ்சம் சாய்ந்த பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யும். அதனால் வரிசையாக எடுத்த பத்துப் படங்களில் நான்கு ஒரு பக்கம், ஐந்து இன்னொரு பக்கம், ஒன்று தலைகீழ் என்று வரும். என் ஆல்பத்தில் கோடு ஒரு தாளில் நெட்டாகவும் இன்னொன்றில் குறுக்காகவும் வந்தது இதனால்தான். எந்தப் பிரிண்டரை வாங்கினாலும் இது மாறாது.

இதற்கு நான் செய்வது மூன்று. முடிந்தவரை தரையில் விரிப்பதை விட்டுவிட்டு, போர்வையைக் கொடியில் தொங்கவிட்டுப் போனை நிமிர்த்திப் பிடித்து எடுக்கிறேன். வெயில் நேராக விழாத காலை நேரம் நல்லது, கலரும் வெளுக்காது. தரையில் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் போனை முகத்துக்கு நேராக நிமிர்த்திப் பிடித்து, கேமராத் திரையில் இருக்கும் ஃப்ளாஷ் படமும் மற்றக் குறிகளும் நேராக நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அப்படியே மெதுவாகக் கீழே சாய்த்துக் கொண்டுபோய் எடுக்கிறேன். பல போன்களில் இந்தக் குறிகள் போன் திரும்பும்போது கூடவே திரும்பும், அவை எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ அதுதான் போன் நினைத்துக்கொண்டிருக்கும் மேல்பக்கம். மூன்றாவது, டிசைன் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டை எப்போதும் போர்வையின் மேல் இடது மூலையில் வைத்துவிடுவேன். பிரிண்டில் சீட்டு வேறு மூலையில் வந்தால் படம் திரும்பியிருக்கிறது என்று தறிக்காரருக்கே தெரியும். அந்தச் சீட்டு இன்னொரு வேலையும் செய்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரே A4 தாளில் நான்கு படம் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விண்டோஸில் படங்களைத் தேர்ந்தெடுத்து நேராக பிரிண்ட் கொடுத்தால் ஒரு பக்கத்துக்கு இரண்டு, நான்கு என்று அடுக்கும் விண்டோ வரும். அது ஒவ்வொரு படத்தையும் கட்டத்துக்கு எது பொருந்துமோ அப்படித் திருப்பி அடைக்கும். நெட்டுப் படமும் அகலப் படமும் கலந்திருந்தால் ஒரே தாளில் ஒருவர் நிற்பார், ஒருவர் படுப்பார். குடும்பப் போட்டோவுக்கு எப்படியும் வெட்டி எடுக்கப் போகிறோம், பரவாயில்லை. ஆல்பத் தாளுக்கு ஆகாது. நான் படங்களை ஒரு டாக்குமெண்டில் அடுக்கி, கீழே டிசைன் நம்பர் அடித்து, பிடிஎஃப் ஆக்கி அதைத்தான் பிரிண்ட் கொடுக்கிறேன். பிடிஎஃப் ஆனபின் படங்கள் தனித்தனியாகத் திரும்பாது, திரும்பினால் மொத்தப் பக்கமும் சேர்ந்துதான் திரும்பும்.

அதே விண்டோவின் கீழே, படத்தைச் சட்டத்துக்குள் நிரப்பு என்று ஒரு டிக் இருக்கும். வாங்கியதிலிருந்தே அது போட்டபடிதான் இருக்கும். திசை சரியாக இருந்தாலும் அது ஒரு வேலை செய்யும். 60க்கு 90 இஞ்ச் போர்வையின் விகிதமும் 4க்கு 6 தாளின் விகிதமும் ஒன்றுதான், இரண்டுமே 2க்கு 3. ஆனால் நடுவில் போன் 3க்கு 4 என்று எடுக்கிறது. 6 இஞ்ச் உயரத்துக்கு நிரப்பினால் படத்தின் அகலம் 4.5 இஞ்ச் ஆகும், தாள் 4 இஞ்ச். பக்கத்துக்குக் கால் இஞ்ச் வெட்டுப்படும். போர்வையை ஃப்ரேமுக்குள் அடைத்து, கொஞ்சம் ஒரு பக்கமாகத் தள்ளி எடுத்திருந்தால் வெட்டுப்படுவது சரியாகக் கரை. கரை பார்த்துத்தானே போர்வை வாங்குகிறார்கள்! கல்யாணப் படத்தில் ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவுக்குத் தோள் போவதும் இப்படித்தான். டிக்கை எடுத்துவிட்டால் மேலும் கீழும் கொஞ்சம் வெள்ளை விழும், படம் முழுதாக வரும். இல்லையென்றால் எடுக்கும்போதே இரண்டடி பின்னால் தள்ளி நின்று எடுக்க வேண்டும்.

பேப்பரைக் குறுக்காக வைப்பது பற்றி. தயவுசெய்து வேண்டாம். வீட்டுப் பிரிண்டர்களில் பின்பக்க ட்ரேயில் 4க்கு 6 பேப்பரைக் குட்டைப் பக்கம் உள்ளே போகும்படி நெட்டாகத்தான் வைக்க வேண்டும். பிரிண்ட் லேண்ட்ஸ்கேப்பாக இருந்தாலும் அப்படித்தான். படத்தைத் திருப்புவது சாஃப்ட்வேரின் வேலை, பேப்பர் எப்போதும் ஒரே மாதிரிதான் போகும். குறுக்காக வைத்தால் பல பிரிண்டர்களுக்கு அது தெரியாது. 6 இஞ்ச் நீளம் இருப்பதாக நினைத்து அடித்துக்கொண்டே போகும், பேப்பர் 4 இஞ்சில் முடிந்துவிடும், மீதி மை உள்ளே விழும். அடுத்து வரும் நான்கைந்து தாள்களின் முதுகில் கறை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இப்படித்தான் ஆகி, துடைத்துத் துடைத்து அலுத்துப்போய், பிரிண்டரைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். பளபளப்புப் பக்கம் எது என்பதும் ட்ரேயைப் பொறுத்தது. பின்பக்கம் மேலிருந்து இறங்கும் ட்ரே என்றால் பளபளப்பு நம்மைப் பார்க்க வேண்டும். அடியில் இருக்கும் ட்ரேயிலிருந்து உருண்டு மேலே வருவது என்றால் பெரும்பாலும் கீழே பார்க்க வேண்டும். ஒரு சாதாரணத் தாளில் பென்சிலால் குறி வைத்து விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், போட்டோ பேப்பரை வீணாக்க வேண்டியதில்லை.

இடவலம் மாறுவது இன்னொரு வகை. என் தங்கை மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான். ஊர்த் திருவிழாவுக்குப் பசங்களுக்கு டீ-ஷர்ட் போடுகிறேன் என்று ஒருநாள் டிரான்ஸ்ஃபர் பேப்பரோடு வந்து என் பிரிண்டரில் அடித்தான். வெள்ளை பனியனில் இஸ்திரி வைத்து ஒட்டும் பேப்பர் அது. கவிழ்த்து வைத்துத் தேய்ப்பதால், பேப்பரில் அடிக்கும்போதே கண்ணாடியில் தெரிவதுபோல் மாற்றி அடிக்க வேண்டும், அப்போதுதான் துணியில் எழுத்து நேராக வரும். கலர்த் துணிக்கு என்று வரும் பேப்பரை நிமிர்த்தியபடியே ஒட்டுவதால் அதற்கு இது தேவையில்லையாம். அவன் பிரிண்டர் செட்டிங்கில் மிரர் என்ற இடத்தில் டிக் போட்டுவிட்டு, டீ-ஷர்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். டிக் அங்கேயே இருந்தது. அடுத்து நான் போட்ட ஆல்பத் தாளில் கோடெல்லாம் சரியாகத்தான் இருந்தது, துண்டுச் சீட்டு மட்டும் வலது மூலைக்குப் போய், அதில் நம்பர் இடவலம் மாறி இருந்தது. சீட்டின் இரண்டாவது வேலை இதுதான். இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும் போர்வையில் இடவலம் மாறினால் வேறெப்படிக் கண்டுபிடிப்பது? ஆள் படத்தில் சேலை முந்தானை எந்தத் தோளில் இருக்கிறது என்று பாருங்கள், அல்லது பின்னால் இருக்கும் கடைப் பலகையைப் படித்துப் பாருங்கள். செல்ஃபிகள் பிரிண்டர் தப்பே இல்லாமலும் இப்படி வரும். முன்பக்கக் கேமராவில் கண்ணாடியில் பார்ப்பதுபோலவே சேமிக்கும் செட்டிங் சில போன்களில் இருக்கிறது. அதை அணைத்துவிட்டால் சரி.

இவ்வளவும் வீட்டுக்குள் நடப்பது. வெளியே நடப்பதுதான் எனக்கு எரிச்சல். விண்ணப்பம் போடும் இடங்களில் போட்டோவை ஏற்றுகிறார்கள், அட்டையாக வரும்போது ஆள் படுத்துக் கிடக்கிறார். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு அடையாள அட்டையில் அப்படித்தான் வந்தது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்கப் போனால், கவுண்டரில் இருந்தவர், "தலையைச் சாய்ச்சுப் பாருங்க, நீங்கதானே" என்றாராம். எழுபது வயதுக்காரர் இதற்காக மறுபடி வரிசையில் நின்றார். காரணம் மேலே சொன்ன அதே எண்தான். குரோம், பயர்பாக்ஸ் போன்ற பிரவுசர்களே 2020 வாக்கில்தான் வலைப்பக்கப் படங்களில் இந்தக் குறிப்பைப் பார்த்துத் திருப்பிக் காட்டுவதை வழக்கமாக்கின. இப்போது அதில் ஒரு புதுத் தொல்லை. ஏற்றுகிறவர் பிரவுசரில் பார்க்கும்போது படம் நேராகத் தெரியும், நம்பிக்கையோடு சப்மிட் கொடுப்பார். அந்தப் பக்கம் அட்டை அடிக்கும் சாஃப்ட்வேர் குறிப்பைப் படிக்காததாக இருந்தால் அட்டையில் படுத்துக்கொள்ளும். ஏற்றுவதற்கு முன் ஒரு கிராப், ஒரு சேவ், முடிந்தது வேலை. அந்தக் கவுண்டர்களில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதை ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் எத்தனை பேருக்கு அலைச்சல் மிச்சம்! அவர்கள் மேல் தப்பு என்று சொல்ல வரவில்லை, சொல்லித் தர ஆளில்லை. பிரிண்டர் விற்கும் கடைகளிலும் மை ஊற்றக் காட்டித் தருகிறார்கள், வைஃபை போட்டுத் தருகிறார்கள், இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

எனவே ஆசிரியர் அவர்கள் அந்தப் பதிலுக்கு ஒரு திருத்தம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முக்கியமாகப் பேப்பரைக் குறுக்காக வைக்கச் சொன்னதை எடுத்துவிடுங்கள், இந்த வாரமே யாராவது வைத்துவிடப் போகிறார்கள். இடம் இருந்தால், போனைத் தட்டையாகப் பிடித்து எடுக்கும் படங்கள் ஏன் திரும்புகின்றன என்பதையும் படம் போட்டு விளக்கலாம். ஜவுளி ஊர்களில் அதற்குப் படிப்பவர்கள் அதிகம் இருப்பார்கள்.

இப்படிக்கு,
போர்வை ஆர்டர் பார்க்கும் ஒரு வாசகி,
சென்னிமலை.

பின்குறிப்பு: இரண்டு பக்கமும் அடிக்கும் அழைப்பிதழில் பின்பக்கம் தலைகீழாக வருகிறது என்று கேட்பவர்களுக்கு இந்தக் கிராப் வேலை உதவாது. அது வேறு செட்டிங். இரண்டு பக்கப் பிரிண்ட் என்ற இடத்தில், தாளை நீளப் பக்கமாகப் புரட்டுவதா, குட்டைப் பக்கமாகப் புரட்டுவதா என்று இரண்டு வழி இருக்கும். புத்தகம்போல் புரட்டும் நெட்டான பக்கத்துக்கு நீளப் பக்கம், மேலே கிளிப் போட்டுத் தூக்கிப் பார்க்கும் மாதிரி இருந்தால் குட்டைப் பக்கம். அகலவாட்டு அழைப்பிதழுக்கு இது அப்படியே மாறும். நூறு அடிப்பதற்கு முன் ஒன்று அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.